மஞ்சளில் சிவப்புக் கோடு

பிப்ரவரி 9, ஞாயிறு

இடது பின்சக்கரம் முடிந்தது. எழுபத்திரண்டு ஆரக்கம்பிகள். ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து, வளைத்து, துளையில் நுழைத்து, மறுமுனையைத் தட்டிச் சப்பையாக்கி – பதினொரு நாள். சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சாப்பாட்டு மேசையில் நிறுத்திச் சுண்டிவிட்டேன். தலை ஆட்டாமல் நாற்பது விநாடி சுற்றியது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்று பார்த்தாள். "நல்லா இருக்கு. மேசை எப்பக் கிடைக்கும்?" என்றாள்.

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம். இன்னும் என் மனைவிக்கு எதைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்று தெரியவில்லை.

நான் செய்துகொண்டிருப்பது பழைய பந்தயக் கார் ஒன்றின் மாதிரி, எட்டில் ஒரு பங்கு அளவு. முழுக்க உலோகம். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு பாகங்கள். கதவு திறக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும். பிரேக் மிதிபடும். ஓடாது. ஓடுகிற காரைத்தான் தெருவில் போகிற எல்லாரும் வைத்திருக்கிறார்களே. நாங்கள் மூன்று பேரும் ஒன்றேகால் வருடமாகத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். மூன்றாவது ஆள் அவளுடைய அம்மா, அதாவது அத்தை. அத்தைக்கு இதைப் பற்றி ஒரு கருத்து உண்டு. எதைப் பற்றித்தான் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

ஒரு மளிகைக் கடையின் தராசு கிலோவுக்கு நாலு கிராம் கூடுதலாகக் காட்டியது. முத்திரையை எடுத்துத் தராசைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். "நாலு கிராம்தானே சார்" என்று கடைக்காரர் கெஞ்சினார். எடையளவு ஆய்வாளனிடம் போய் 'தானே' என்கிறார். நாலு கிராம் என்பது பொய்யின் ஆரம்பம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல்லும்போது அலுவலக உதவியாளர் கொட்டாவி விட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எங்கள் மாதிரி வாகனக் கழகத்தின் கூட்டம். உறுப்பினர்கள் ஒன்பது பேர், கோஷ்டிகள் மூன்று. பித்தளைக்காரர்கள், ஈயக்காரர்கள், பிளாஸ்டிக்காரர்கள். பிளாஸ்டிக்காரர்களுக்குப் பின்வரிசை நாற்காலி. நாங்களாக அப்படி வைக்கவில்லை, அவர்களே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

நாங்கள் 'பித்தளை' என்று கூப்பிடும் ஆசாமியும் என் காரையேதான் செய்கிறார். எஞ்சினில் பன்னிரண்டு பிளக்குகளுக்கும் கறுப்பு வயர் போட்டிருக்கிறார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வாயைத் திறக்கவில்லை.

ஏனென்றால் என்னிடம் அந்தப் படம் இருக்கிறது. பழைய பத்திரிகைக் கட்டில் கிடைத்த ஒரு முழுப்பக்கம். அசல் காரின் எஞ்சின், கிட்டத்தில் எடுத்தது. அடிக்குறிப்பு கிழிந்துவிட்டது, போகட்டும். வயர்கள் பளிச்சென்று தெரிகின்றன – மஞ்சள், நடுவே மெல்லிய சிவப்புக் கோடு. உலகத்தில் எத்தனை பேர் கறுப்பு வயரை மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்!

ஏப்ரல் 20 கண்காட்சி. தலைவர் 'லென்ஸ்' ஐயாதான் நடுவர். எழுபதைத் தாண்டியவர், சட்டைப்பையில் எப்போதும் பூதக்கண்ணாடி. அவர் என் வயரைப் பார்க்கும் நாளுக்காகத்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள். அதனால் இங்கே மட்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆறு கடை ஏறி இறங்கினேன். கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் இருக்கிறது. மஞ்சளில் சிவப்புக் கோடு இல்லை. இருந்த ஒரு இடத்தில் தடிமன் அதிகம். "பெயின்ட் அடிச்சுக்கோங்களேன்" என்றார் கடைக்காரர். என்னைப் பார்த்தால் பெயின்ட் அடிக்கிறவன் மாதிரியா இருக்கிறது?

மார்ச் 2, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

வேறெங்கும் இல்லை, நம் வீட்டு ஷெட்டிலேயே. அரம் தேடிப் போனேன், அங்கே நிற்கும் நிஜக் காரின் முன்சீட்டுக்கு அடியில் உருண்டிருந்தது. எடுக்கக் குனிந்தவன் நிமிரும்போது பார்த்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே, கறுப்பு டேப் சுற்றிய வயர்க் கட்டின் வாயில், மஞ்சள். நடுவே சிவப்புக் கோடு. மைக்ரோமீட்டர் வைத்தேன். என் அளவுக் குறிப்போடு ஒப்பிட்டேன். அப்படியே இருந்தது தடிமன்.

கார் அவளுடையது. எனக்கு ஓட்டத் தெரியாது. அவள் வேலை பார்க்கும் குடிநீர் ஆய்வகம் பக்கத்துத் தெருவுக்கு மாறியதிலிருந்து ஒரு வருடமாகத் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிவிட்டு இறங்கிவிடுவாள், அதுவும் இப்போது நின்றுபோயிற்று. தூங்குகிற வண்டிக்கு எதற்கு இத்தனை வயர்?

டேப்பை இம்மி இம்மியாகப் பிரித்தேன். அறுநூறு மில்லிமீட்டர் வெட்டினேன். பிறகு டேப்பைப் பழைய மடிப்பிலேயே, பழைய சுற்றிலேயே, பழைய தூசி வரைக்கும் திரும்பச் சுற்றினேன். தொழிற்சாலைக்காரனே வந்து பார்த்தாலும் தெரியாது. இந்த ஒட்டுக்கே தனியாகப் பரிசு கொடுக்கலாம். சட்டைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

பன்னிரண்டும் மாட்டியாகிவிட்டது. ஒவ்வொன்றும் ஐம்பது மில்லிமீட்டர், மயிரிழை பிசகவில்லை. கண்காட்சி அட்டைக்கு இரண்டு பக்கக் கட்டுரையும் எழுதிவிட்டேன். தலைப்பு: 'கறுப்பு வயர் – ஒரு வரலாற்றுத் துரோகம்.'

மார்ச் 14, வெள்ளி

அவளுக்கு உத்தரவு வந்துவிட்டது. ஏரிக்கரை நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்துக்குத் தலைமை. பதினேழு வருடம் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பிடித்துச் சோதித்தவளுக்கு இப்போதுதான் நாற்காலி. சமையலறையில் நின்று அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

நாற்பது கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு முதல் மாதிரி எடுக்க வேண்டும். முதல் பஸ் அங்கே போய்ச் சேர்வதே ஒன்பதுக்கு. "அதனாலென்ன, நம்ம கார் இருக்கே" என்றாள்.

நான் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 15, சனி

சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினாள். ஒரு முனகல்கூட இல்லை. "பேட்டரி போயிருக்கும்" என்றாள். "இருக்கும்" என்றேன்.

மார்ச் 19, புதன்

மெக்கானிக் நாலு நாளாக வருகிறார். புது பேட்டரி போட்டார். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஷெட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்திய வண்டிக்கு அடியில் வெயிலில் மல்லாந்து கிடக்கிறார், நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு டார்ச் பிடிக்கிறேன். "சார், இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்கிறார். இடப்பக்கம் காட்டுகிறேன். வெட்டு இருப்பது வலப்பக்கம், மேலே.

டார்ச்சை இரண்டு சாண் நகர்த்தினால் போதும். இரண்டு சாண்!

சொல்லிவிடலாம்தான். சொன்னால், எங்கே அந்த வயர் என்று கேட்பாள். எஞ்சினிலிருந்து பிடுங்கச் சொல்வாள். கண்காட்சிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

மெக்கானிக் அவளை உட்காரவைத்து ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். "மேடம், இந்த மஞ்சள்ல சிவப்புக் கோடு போட்ட வயர்தான் சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகுது. நடுவுல எங்கயோ அந்துபோச்சு. டேப் எல்லாம் கம்பெனி டேப், கை படவே இல்ல. உள்ளுக்குள்ள எலி கடிச்சிருக்கும். டாஷ்போர்டையே இறக்கணும், அது எலக்ட்ரீஷியன் வேலை. அவர் ஊர்ல இல்ல, அடுத்த மாசக் கடைசியில வருவார்."

கம்பெனி டேப். வெட்கமில்லாமல் எழுதுகிறேன் – அதைக் கேட்டதும் ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

வீட்டில் ஐந்து எலிப்பொறிகள். அத்தை வாங்கிவரச் சொன்னார்கள், நான்தான் போய் வாங்கிவந்தேன். ஷெட்டில் இரண்டு, சமையலறையில் ஒன்று, வாசலில் ஒன்று. ஐந்தாவதைச் சாப்பாட்டு மேசையில், என் கார் பக்கத்தில் வைத்தார்கள்.

"இங்க எதுக்கு அத்தை?"

"எலிக்கு எங்க வேலையோ அங்கதானே வரும். ஆமா மாப்பிள்ளை, இந்த எலிக்கு என்ன வைக்கலாம்? பிஸ்கட்டா, வயரா?"

சிரிக்கவில்லை. பிஸ்கட்டை உடைத்துப் பொறியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 27, வியாழன்

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்த வயர்..."

"எந்த வயர்?"

"எலி... கடிச்சது. அதுக்கு ஒரு மருந்து இருக்காம், வயர் மேல தடவுறது."

"சரி, தடவுங்க" என்றாள்.

தூ! நானெல்லாம் ஒரு ஆய்வாளன்.

மார்ச் 31, திங்கள்

போய்விட்டாள். நிலையத்தின் ஜீப் வந்தது. இரண்டு பெட்டி, ஒரு மின்விசிறி, ஒரு மடக்கு நாற்காலி. அங்கே ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். "வண்டி சரியாகிற வரைக்கும்தான். சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன்" என்றாள். ஜீப் ஏறும்போது ஷெட்டைப் பார்த்து, "பாவம், அதுவும் என்ன பண்ணும்" என்றாள். காரைச் சொன்னாள்.

வீடு வீடாக இல்லை. ஒரு மணி நேர வேலை. நான் வாயைத் திறந்திருந்தால் ஒரே ஒரு மணி நேர வேலை.

ஏப்ரல் 3, வியாழன்

முன்பக்க வலைக்கம்பி பொருத்தினேன். காட்ட ஆளில்லை. அத்தையிடம் காட்டினேன். "ம்" என்றார்கள்.

ஏப்ரல் 5, சனி

வரவில்லை. ஆள் குறைவாம், ஞாயிறும் வேலையாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் வந்தாள், இன்றைக்கே போய்விட்டாள். போகும்போது சொன்னது: "அங்க ஒரு மேசை இருக்குங்க. சின்னதுதான். ஆனா காலியா இருக்கு." அதை எதற்குச் சொன்னாள் என்று மூன்று மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நடந்ததை நடந்த மாதிரியே எழுதிவிடுகிறேன்.

நூலக மண்டபம். என் கார் நடுமேசையில், பக்கத்தில் என் கட்டுரை. எல்லாரும் படித்தார்கள். பித்தளை இரண்டு தடவை படித்தார், காதெல்லாம் சிவந்துவிட்டது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பதினோரு மணிக்கு அவள் வந்தாள், ஏரிக்கரையிலிருந்து பஸ் பிடித்து, எனக்காக. என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

லென்ஸ் ஐயா குனிந்தார். கண்ணாடியை எஞ்சினுக்கு மேலே பிடித்தார். நாலு நிமிடம் ஒவ்வொரு வயராகப் பார்த்தார். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"தம்பி, இந்த மஞ்ச வயரை எங்க பாத்தீங்க?"

கோப்பிலிருந்து படத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது அசல் வண்டி இல்லப்பா. நான் செஞ்சது. இதே எட்டுல ஒரு பங்குதான். முப்பது வருஷம் இருக்கும், கழகமெல்லாம் அப்ப இல்ல. ஒரு பத்திரிகைக்காரர் வந்து போட்டோ எடுத்துட்டுப் போனார். வண்டியைக்கூட யாருக்கோ கொடுத்துட்டேன்."

"அப்ப... அசல்ல?"

"அசல்ல கறுப்பு. எனக்கு அன்னைக்குக் கறுப்பு கையில இல்ல. அவசரம். வீட்டுக்காரியோட ஸ்கூட்டர்லேர்ந்து ஒரு முழம் வெட்டிட்டேன். பாவம் அவ, மூணு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே வந்தா." மறுபடி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது சரி, உங்களுக்கு எங்க கிடைச்சுது? இந்தத் தடிமன்ல இது வண்டிக்குள்ள தவிர வேற எங்கயும் இருக்காதே."

என் கட்டுரை அட்டையை நேராக்கி வைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது.

"சார், அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தர்றீங்களா?"

குனிந்து பார்த்தாள். தண்ணீரில் புழு பூச்சி பார்க்கிற கண். ஒன்று, இரண்டு என்று உதடு அசைய எண்ணினாள், பன்னிரண்டு வரை. கண்ணாடியை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க வீட்ல ஒரு எலி இருக்குங்க சார்" என்றாள். "ரொம்ப சுத்தமா வெட்டும். பன்னிரண்டும் ஒரே அளவு, பாருங்களேன்."

பரிசு பித்தளைக்கு. வந்து கை கொடுத்தார். தேவைக்கு மேலே நாலு கிராமாவது கூடுதலாக அழுத்தினார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வயரை வெட்டினதுகூடப் போகட்டும். அந்த மனுஷன் வெயில்ல மல்லாந்து கிடந்தார். நீங்க பக்கத்துல உக்காந்து டார்ச் பிடிச்சீங்க. அதைத்தான் என்னால..." பஸ் வந்தது. ஏரிக்கரை பஸ். ஏறுவதற்கு முன், "எங்கிருந்து எடுத்தீங்களோ அங்கயே வைங்க" என்றாள். வீட்டுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஐம்பத்தோரு வயசு.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் மேசையில் பொறியைக் காணோம். "எடுத்துட்டேன் மாப்பிள்ளை. எலிதான் அகப்பட்டாச்சே."

"உங்களுக்கு எப்பத் தெரியும் அத்தை?"

"சட்டைக்குள்ள எதையோ சொருகிக்கிட்டு வந்தீங்களே, அன்னைக்கே. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." பேப்பரைப் புரட்டினார்கள். "பொறி அஞ்சும் வீணாப் போச்சு."

அலுவலகத்தில் அந்த மளிகைக் கடைக்காரர் தராசைச் சரிபார்த்து வாங்க வந்தார். முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

பன்னிரண்டு வயர்களையும் பிடுங்கினேன். எஞ்சின் மூளியாக உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டு துண்டையும் முனைக்கு முனை பற்றவைத்து ஒரே வயராக்கினேன். பதினோரு ஒட்டு. இரண்டு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு முனையையும் சீவியதில் மொத்தத்தில் ஓர் அங்குலம் குறைந்தது. கடைக்குப் போய் ஓர் அங்குலம் கேட்டேன். "ஒரு அங்குலமா?" என்று, பெயின்ட் அடிக்கச் சொன்ன அதே வயர்க் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தரையில் கிடந்த துண்டை எடுத்துச் சும்மா கொடுத்தார். கறுப்பு.

மே 4, ஞாயிறு

எலக்ட்ரீஷியன் வந்தார். மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருந்தேன். இரண்டு பேர் முன்னாலும் டேப்பைப் பிரித்து இடத்தைக் காட்டினேன். யார் வெட்டியது என்றும் சொன்னேன். மெக்கானிக் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "சார், டேப் ஒட்டுற வேலைக்கு என்கிட்ட வந்துடுங்க" என்றார். எலக்ட்ரீஷியன் என் ஒட்டுகளையெல்லாம் பார்த்துவிட்டு, புது வயர் போட்டுவிடலாமே என்றார். வேண்டாம், இதையே போடுங்கள் என்றேன்.

சாவி. ஒரே திருப்பு. கிளம்பிவிட்டது.

அவளுக்குப் போன் போட்டேன். "வண்டி ரெடி. அறையைக் காலி பண்ணிட்டு வந்துடு."

"சந்தோஷம்" என்றாள். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை மூடுவது கேட்டது. "எனக்கு இங்க பிடிச்சிருக்குங்க. அங்க வந்தா திரும்ப மடியில தட்டு. வண்டியை இங்க கொண்டுவரணும்னா நீங்க ஓட்டிக்கிட்டு வாங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"தெரியாதுல்ல" என்றாள். வைத்துவிட்டாள்.

மே 5, திங்கள்

மேசையைக் காலி செய்தேன். துடைத்தேன். அத்தையும் நானும் மேசையில் சாப்பிட்டோம். அத்தை மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டார்கள், பழக்க தோஷம்.

மே 12, திங்கள்

ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். எங்கள் செட்டில் நான்தான் மூத்தவன், மற்றதெல்லாம் என் வயதில் பாதி. பயிற்சியாளர் கிளட்ச் என்றால் என்ன என்று ஆரம்பித்தார். நான் அதன் ஏழு பாகங்களையும் பெயர் சொன்னேன். "சரி சார், இப்ப மிதிங்க" என்றார். மிதித்தேன். வண்டி நின்றுவிட்டது.

ஜூன் 18, புதன்

தேர்வில் தோல்வி. பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டேன். கம்பம் அங்கே இருப்பது தெரியும். தூரத்தைக்கூட மனசில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

மறுபடி தோல்வி. சிவப்பு விளக்கு விழுந்தபோது நான் பக்கத்து வண்டியின் சக்கர மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

என் எஞ்சினுக்குக் கறுப்பு வயர் போட்டேன். பன்னிரண்டும், கடையில் கேட்டு வாங்கியது. அழகாகத்தான் இருக்கிறது, சனியன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தேறிவிட்டேன். அத்தையிடம்தான் முதலில் சொன்னேன். "சரி, ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். பின்சீட்ல உக்காந்துக்கறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாற்பது கிலோமீட்டர். இரண்டு மணி ஐம்பது நிமிடம்.

பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான். பள்ளிக்கூட வேன் ஒன்று ஒதுங்கிப் போயிற்று. ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போய், ஒரு மரத்தடியில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி எங்களைத் தாண்டினார். அத்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், வாயே திறக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது கண்ணையும் திறந்திருக்கவில்லை. எனக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் மரத்துவிட்டன.

நிலையத்தின் பெரிய இரும்புக் கேட் சாத்தியிருந்தது. அவள் உள்ளே நின்றிருந்தாள், வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு பாட்டில். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பந்தயக்காரர் வந்தாச்சா?" என்றாள்.

சின்னக் கதவு வழியாக வெளியே வந்தாள். என்னிடம் வரவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, "கொஞ்சம் இறங்குங்க" என்றாள். இறங்கினேன். கோட்டுப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து என் கையில் கொடுத்தாள். "பிடிங்க."

ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டாள். வலப்பக்கம், மேலே, சரியான இடத்தில் வெளிச்சம் காட்டினேன். டேப்பைப் பிரித்து ஒவ்வொரு ஒட்டாக விரல் வைத்து எண்ணினாள். கறுப்பு அங்குலம் வந்த இடத்தில் நின்றாள்.

"இது என்ன?"

"அது... குறைஞ்சுபோச்சு. அசல்ல கறுப்புதானாம்."

அவள் தோள் குலுங்கியது. தலை உள்ளே இருந்ததால் முகம் தெரியவில்லை. அப்புறம் எழுந்து, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு போய், பெரிய கேட்டைத் திறந்துவிட்டாள். வண்டியை உள்ளே விடும்போது மூன்று தடவை நின்றுபோயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை.

இதை அவளுடைய மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு பக்கம் தண்ணீர் பாட்டில்கள். இந்த நோட்டு வைக்கிற அளவுக்கு இடம் கொடுத்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை நான் பஸ்ஸில் வந்தால் வீட்டுக்கு அவள் ஓட்டுவாளாம், நான் பக்கத்தில்.